பன்றிக்கறிக்கு ஒரு பாயிரம்

சார்லஸ் லாம் எழுதிய பன்றி வறுவல் கட்டுரையைக் கல்லூரிப் பருவத்தில் படித்தவர்கள் அதை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். 1822ஆம் ஆண்டு 'லண்டன் மேகசின்' இதழில் எலியா என்ற புனைபெயரில் அவர் எழுதியது அது. சீனத்தில் பன்றி மேய்ப்பவன் ஒருவனின் மகன் தீயோடு விளையாடிக் குடிசையைக் கொளுத்திவிடுகிறான். உள்ளே கிடந்த ஒன்பது குட்டிகளும் வெந்துபோகின்றன. உயிர் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தவன் விரலைச் சுட்டுக்கொண்டு வாயில் வைக்கிறான். பன்றித் தோலின் மொறுமொறுப்பை மனித குலம் அறிந்தது அந்த நொடியில்தான் என்பது லாம் விளையாட்டாகச் சொல்லும் வரலாறு.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது அந்தச் சுட்ட விரலைத்தான். நமக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அடுத்து வரும் ஒரு சிறு செய்தி. அடிக்க ஓடிவந்த தகப்பனும் விரலைச் சுட்டுக்கொண்டு சுவைத்துவிடுகிறான். பிறகு மகனை எச்சரிக்கிறான்: வெளியே மூச்சுவிடாதே, அக்கம்பக்கத்தார் அறிந்தால் கல்லால் அடிப்பார்கள். ஆயினும் அந்த வீடு அடிக்கடி தீப்பற்றுவதைக் கண்டு ஊர் துப்பறிகிறது. வழக்கு மன்றம் ஏறுகிறது. நடுவர்கள் சான்றுப்பொருளைத் தொடுகிறார்கள், விரலைச் சுட்டுக்கொள்கிறார்கள், சுவைக்கிறார்கள். அனைவரும் ஒருமனதாக விடுதலை.

தமிழ்நாட்டில் அந்த வழக்கு இன்னும் முடியவில்லை. இங்கே பன்றிக்கறி உண்போர் இல்லையா என்றால் இருக்கிறார்கள். உண்டதைச் சொல்வோர்தாம் குறைவு. ஆடும் கோழியும் காடையும் நண்டும் உணவகப் பலகைகளில் வண்ண எழுத்தில் நிற்கையில், பன்றி ஊரின் ஓரத்தில் ஒரு கடையாகவும் கறுப்புப் பாலிதீன் பையாகவும் மட்டுமே நிற்கிறது. சில வீடுகளுக்குள் அது நுழைய ஒரே ஒரு வாயில் உண்டு: மருந்து. 'மூலத்துக்கு நல்லதாம்' என்ற ஒரு சொற்றொடரின் துணையோடு எத்தனை குடும்பங்கள் நல்ல கறி உண்டிருக்கின்றன! மூலத்துக்கு மருத்துவர்கள் முதலில் சொல்வது நார்ச்சத்தும் தண்ணீரும்தான். ஆனால் நோயே இல்லாத குடும்பம் முழுவதும் சுற்றி அமர்ந்து மருந்து உண்ணும் காட்சியைக் கெடுக்க நாம் யார்?

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மார்க்கம் விலக்கியதால் உண்ணாதோரும், உயிர்க்கொலை கூடாதென ஊனே உண்ணாதோரும் நம் மதிப்பிற்குரியவர்கள். அவர்களோடு நமக்கு வழக்கில்லை. வழக்கு, ஆட்டின் குடல் முதல் கோழியின் ஈரல்வரை ஒன்றையும் விடாமல் உண்டுவிட்டுப் பன்றி என்றதும் மூக்கைச் சுளிப்பவர்களோடுதான். அந்தச் சுளிப்பு நாக்கிலிருந்து வருவதில்லை. பக்கத்து வீட்டாரின் கண்ணிலிருந்து வருகிறது. பன்றி வளர்ப்பவர் யார், உண்பவர் யார் என்று நம் ஊர்கள் போட்டுவைத்திருக்கும் சாதிக் கணக்கு அதற்குள் இருக்கிறது.

'நம் மரபில் இல்லை' என்பார்கள். மரபு பற்றிப் பேசுவது என்றால் தமிழ் படித்தவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை 500 அடிகள் கொண்டது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடியது. பரிசில் பெற்ற பாணன், வறுமையில் வாடும் மற்றொரு பாணனுக்கு வழி சொல்கிறான். வழி என்பதில் பாதி உணவுப் பட்டியல்தான். எயினர் குடியில் உடும்புக்கறி, உழவர் ஊரில் கோழி வாட்டு, அந்தணர் மனையில் வெண்ணெயும் மிளகும் சேர்ந்த மாதுளங்காயோடு மாவடு ஊறுகாய். கடற்கரைப் பட்டினத்தை அடைந்தாலோ, கொழுத்த பன்றிக்கறியும் கள்ளும்.

அந்தப் பன்றி வளர்ந்த விதத்தையும் புலவர் சொல்கிறார். கள் சமைக்கும் பெண்கள் கலம் கழுவிய நீர் வழிந்து சேறாகிய இடத்தில் பெண்பன்றிகளும் குட்டிகளும் புரண்டுகொண்டிருக்கின்றன. ஆண்பன்றியை மட்டும் அவற்றோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல்லை இடித்த மாவைத் தீற்றிப் பல நாள் பேணுகிறார்கள். கொழுப்பு கரையாமல் கறி நிணம் கட்டுவதற்காகச் செய்த ஏற்பாடு இது. இன்றைய பண்ணையாளர் எவரும் இதைக் கேட்டால் தலையசைப்பார்.

நமக்கு வியப்பு, பன்றி அங்கே இருப்பதில் இல்லை. மாதுளங்காய்க்கும் பன்றி நிணத்துக்கும் புலவர் ஒரே இலையைப் போடுகிறார் என்பதில்தான் வியப்பு. எந்த விருந்துக்கும் குரலைத் தாழ்த்தவில்லை. எதையும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு பரிமாறவில்லை.

சங்கம் பழைய கதை என்று ஒதுக்குவோர்க்குச் சேக்கிழார் இருக்கிறார். 12ஆம் நூற்றாண்டுப் பெரியபுராணத்தில் திண்ணன் துரத்திக் கொன்றது ஒரு காட்டுப்பன்றியை. அதன் தசையை அம்பில் கோத்துத் தீயில் வாட்டி, வாயிலிட்டுப் பதம் பார்த்து, நன்றாய் இருந்ததை மட்டும் இலைக்கல்லையில் வைத்துக் காளத்தி மலைக் குடுமித்தேவருக்குப் படைக்கிறான். சமையல் நோக்கில் பார்த்தால் தமிழ் இலக்கியத்தில் இதைவிடப் பொறுப்பான சமையற்காரன் ஒருவன் இல்லை. பூசை செய்யும் சிவகோசரியார் மறுநாள் வந்து எலும்பும் இறைச்சியும் கண்டு பதறுகிறார். இறைவனோ அவர் கனவில் வந்து வேடன் பக்கம் பேசுகிறார். லாம் காட்டிய மன்றத்தைவிட உயர்ந்த மன்றம், தீர்ப்பு அதேதான்.

திருமால் வராகமாகி நிலத்தை மீட்டார். மதுரைச் சொக்கர் தாய்ப்பன்றியாகிக் குட்டிகளுக்குப் பால் கொடுத்தார். அந்தப் பன்னிரு குட்டிகளையும் பின்னர்ப் பாண்டியனுக்கு மந்திரிகளாக்கினார் என்கிறது திருவிளையாடற் புராணம். பன்றி உருவம் பொறித்ததால் பெயர்பெற்ற வராகன் என்னும் காசில்தான் ஒரு காலத்தில் பொன்னை எண்ணினோம். தெய்வமாக, மந்திரியாக, காசாக ஏற்றுக்கொண்ட ஒன்றைக் குழம்பாக மட்டும் ஏற்க மறுப்பதை என்னவென்பது?

'அழுக்கில் புரள்வது' என்பது அடுத்த வாதம். பன்றிக்கு வியர்த்துத் தணியும் வசதி பெரிதாக இல்லை; அதனால் வெயிலுக்குச் சேற்றை நாடுகிறது. எருமையும் சேற்றில்தான் கிடக்கிறது. அதன் பாலில் காப்பி போட்டுக் குடித்துவிட்டுத்தான் இந்த வாதத்தைத் தொடங்குகிறோம். பன்றி மலம் தின்றது உண்மையென்றால், அந்த மலத்தை வெளியில் விட்டது பன்றியல்ல. நாடாப்புழு பற்றிய அச்சமும் இதே வகைதான். சரியாக வேகாத பன்றிக்கறியால் குடலில் நாடாப்புழு வரும். நன்றாக வெந்தால் வராது. ஆனால் மூளையில் கட்டியாகி வலிப்பைத் தரும் நோய், அந்தப் புழு உள்ள மனிதரின் மலத்திலிருந்து முட்டைகள் கையிலும் நீரிலும் காய்கறியிலும் கலந்து வாய்க்குள் போவதால் வருகிறது. வாழ்நாளில் கறியே தொடாதவருக்கும் அது வரலாம். மருந்து கழிப்பறையும் சோப்பும்தான். பன்றியை ஏசுவது அல்ல.

பண்ணையில் தீவனம் தின்று வளரும் வெண்பன்றி வேறு உலகம். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அந்த வளர்ப்புக்குப் பயிற்சியே தருகிறது. அரசு கற்றுத்தரும் தொழிலின் விளைபொருளை நாம் கறுப்புப் பையில் ஒளித்து வாங்குகிறோம்.

சரி, ஒளித்து உண்டால் என்ன குறைந்துவிடும்? சமையல் குறைந்துவிடும் என்பதே நம் கட்சி. பெயர் சொல்லிக் கேட்க முடியாத உணவு வளராது. நால்வர் உண்டு, ஒருவர் குறை சொல்லி, இன்னொருவர் திருத்திச் சமைத்தால்தான் ஒரு கறிக்குக் கைப்பக்குவம் என்ற ஒன்று ஏற்படும். அண்டை அயலைப் பார்த்தால் இது விளங்கும்.

குடகில் பந்திக்கறி திருமண விருந்திலேயே இடம்பெறுவது. மல்லி, மிளகு, சீரகம், கடுகு, வெந்தயத்தைக் கருக வறுத்துப் பொடித்து, கடைசியில் கச்சம்புளியை ஊற்றுவார்கள். குடம்புளி இனப் பழத்தின் சாற்றைக் கருங்குழம்பாகும்வரை காய்ச்சி எடுப்பது அது. சில துளிகளே போதும். அரிசி நொய்யை உருட்டி ஆவியில் வேகவைத்த கடம்புட்டு அதற்குத் துணை. கோவாவில் விந்தாலு. மதுவிலும் பூண்டிலும் ஊறவைத்த போர்த்துக்கீசியர் கறி, கடல் கடந்து வந்தபின் மதுவுக்குப் பதில் தென்னங்கள்ளுக் காடியையும், அவர்களே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கொண்டுவந்த மிளகாயையும் ஏற்றுக்கொண்டது. பெயரில் உள்ள 'ஆலு'வை இந்தி எனக் கருதி உருளைக்கிழங்கைப் போடும் உணவகங்கள் உண்டு. அது மொழியியல் பிழை. திருச்சூர்ப் பக்கத்துக் கிறித்தவ வீடுகளில் பன்றியோடு கூர்க்கைக் கிழங்கு சேரும். அது வேறொன்றுமல்ல, நெல்லைச் சீமையில் பொங்கலுக்கு வாங்கும் சிறுகிழங்கேதான்! கிழங்கு நம்மிடமும் இருக்கிறது, பன்றியும் இருக்கிறது. இரண்டும் ஒரு சட்டியில் சந்திக்கத்தான் நாம் இடம் கொடுக்கவில்லை.

இந்த மூன்று ஊர்ச் சமையலிலும் இலக்கணம் ஒன்றுதான். கொழுப்புக்கு அஞ்சாமை முதல் விதி, அதை அடக்கப் புளிப்பு இரண்டாவது, நேரம் மூன்றாவது. மூன்றாவதைக் கண்டவர் ஒரு கவிஞர். 1080இல் ஹுவாங்சோவுக்கு நாடுகடத்தப்பட்ட சீனக் கவிஞர் சூ ஷி, அவ்வூரில் மலிவாகக் கிடந்த பன்றிக்கறியைப் புகழ்ந்து ஒரு பாட்டே எழுதினார். குறைந்த தீ, குறைந்த நீர், அவசரமின்மை என்பதுதான் அவர் முறை. பதவி பறிபோன மனிதரிடம் நேரத்துக்கு என்ன பஞ்சம்? அவருடைய புனைபெயரான தோங்போ என்பதையே இன்றும் ஒரு பன்றிக்கறி தாங்கி நிற்கிறது. கவிஞர் பெயரைக் கறிக்கு வைக்கும் நாட்டின்மேல் நமக்குப் பொறாமை உண்டு.

நம் அடுப்புக்கு ஏற்ற எளிய முறை ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். தோலும் கொழுப்பும் சேர்ந்த கறி 1 கிலோ வாங்கி, கொழுப்புத் துண்டுகளைத் தனியே பிரித்துக்கொள்ளவும். எண்ணெய் வேண்டாம், அடிகனத்த சட்டியில் அவற்றை இளந்தீயில் வைத்தால் தாமே உருகி எண்ணெய் தரும். அதில் கால் கிலோ சின்ன வெங்காயம், இருபது பல் பூண்டு, இஞ்சி, கறிவேப்பிலை வதக்கி, கறியும் மஞ்சளும் உப்பும் சேர்த்து மூடவும். முதலில் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கறியே நீர் விடும். வறுத்து அரைத்த மல்லி, மிளகு, சீரகத்தைப் பாதி வெந்ததும் போடவும். ஒன்றரை மணி நேரம் தீயைக் கூட்டாமல் காக்கவும். அப்போதுதான் தோலிலும் சவ்விலும் உள்ள விறைப்பு கரைந்து, உதட்டில் ஒட்டும் குழைவு வரும். அவசரக்காரனுக்குக் கிடைப்பது ரப்பர். இறக்கும் முன் கெட்டிப் புளிக்கரைசல் இரண்டு கரண்டி. ஆறியபின் குளிர்பெட்டியில் வைத்து மறுநாள் சூடாக்கி உண்பது உத்தமம். கொழுப்புக்கு அஞ்சுவோர், மேலே உறைந்திருப்பதை அப்போது வழித்து எடுத்துவிடலாம். எடுத்ததை வீணாக்காமல் நமக்குக் கொடுத்துவிடலாம்.

தமிழில் 'கொழுப்பு' என்பது வசைச்சொல்லும்கூட. தலை நிமிர்ந்து பேசுபவனைத்தான் 'கொழுப்பெடுத்தவன்' என்கிறோம். பன்றிக்கறியைப் பொறுத்தவரை நமக்கு இன்று தேவைப்படுவது அந்த இரண்டாவது வகைக் கொழுப்பு. அடுத்த முறை வாங்கச் செல்லும்போது சாதாரணப் பையை எடுத்துச் செல்வோம். மறுநாள் பணியிடத்தில் மதிய உணவுப் பாத்திரத்தைத் திறக்கையில் என்ன குழம்பு என்று எவரேனும் கேட்டால், மூலத்தின் பெயரால் அல்லாமல் கறியின் பெயராலேயே விடை சொல்வோம். கேட்டவர் முகம் சுளித்தால் ஒரு துண்டை நீட்டுவோம். சூடாக இருந்தால் இன்னும் நல்லது. விரல் சுட்டால் அவர் எப்படியும் வாயில்தான் வைப்பார்.