‘ஏஐ யூஸ் பண்றீங்களா?’ என்று இசைக்காரர்களிடம் கேட்டால் ஏன் சரியான பதில் வராது?

உங்கள் நண்பர் வட்டத்தில் லேப்டாப்பில் பீட் போடும் ஒருவராவது இருப்பார். பகலில் ஐடி கம்பெனி, ராத்திரியில் எஃப்எல் ஸ்டூடியோ. அவரிடம் "நீ ஏஐ யூஸ் பண்றியா?" என்று கேட்டுப் பாருங்கள். "ச்சே, அதெல்லாம் தொடவே மாட்டேன்" என்று சொல்லக்கூடும். அடுத்த பத்தாவது நிமிடம், பழைய பாட்டு ஒன்றிலிருந்து குரலை மட்டும் தனியாகப் பிரித்து, அதற்குக் கீழே தன் பீட்டை வைத்துப் போட்டுக் காட்டுவார். அந்தக் குரலைப் பிரித்துக் கொடுத்தது ஏஐதான்.

அவர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் ‘ஏஐ’ என்றால் இரண்டு வரி டைப் செய்தால் முழுப் பாட்டும் வந்து விழும் ஒரு இயந்திரம். குரலைப் பிரிப்பது அவருக்கு வெறும் டூல். கடந்த இரண்டு வருடங்களில் இசைத் தயாரிப்பு மென்பொருள்களில் வரிசையாக வந்த புது வசதிகளுக்கு இசைக்காரர்கள் எப்படி எதிர்வினையாற்றினார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வித்தியாசத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் நம்பர்கள். 2024 ஜனவரியில் ஜெர்மனியின் கெமா, பிரான்ஸின் சாசெம் என்ற இரண்டு இசை உரிமை அமைப்புகள் சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டன. 15,000-க்கும் மேற்பட்ட இசைப் படைப்பாளர்கள் பதில் சொன்ன சர்வே. அதில் 35% பேர் ஏற்கெனவே வேலையில் ஏஐ பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். 71% பேர், இதனால் இசையை வைத்துப் பிழைக்கவே முடியாமல் போகுமோ என்று பயந்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்துக்கான அப்ரா அம்கோஸ் அமைப்பு 4,200-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களிடம் கேட்டபோதும் இதே கதை: 38% பயன்படுத்துகிறார்கள், 82% கவலைப்படுகிறார்கள்.

இந்த எண்களை ‘ஆதரவு அணி, எதிர்ப்பு அணி’ என்று படிப்பது எளிது. ஆனால் கொஞ்சம் கூட்டிப் பாருங்கள். 38-ம் 82-ம் சேர்ந்தால் 120. ஒரே கூட்டத்திடம் கேட்ட கேள்விகள் என்பதால், குறைந்தது 20% பேர் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள் என்று அர்த்தம். பயன்படுத்துகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் பயத்தோடுதான் பயன்படுத்துகிறார்கள். இது இரட்டை வேடம் இல்லை. ‘பயன்படுத்துகிறேன்’ என்று அவர்கள் சொல்லும் ஏஐ வேறு, பயப்படும் ஏஐ வேறு.

சத்தமே இல்லாமல் உள்ளே வந்த ஏஐ

மிக்ஸ் செய்து முடித்த பாட்டிலிருந்து குரல், டிரம்ஸ், பேஸ் ஆகியவற்றைத் தனித்தனியாகப் பிரிப்பதை ‘ஸ்டெம் பிரிப்பு’ என்பார்கள். ஒரு காலத்தில், கலந்து வைத்த சாம்பாரிலிருந்து பருப்பைத் தனியாக எடுக்கச் சொல்வது மாதிரியான வேலை இது. 2019-இல் டீசர் நிறுவனம் ‘ஸ்ப்ளீட்டர்’ என்ற இலவசக் கருவியை வெளியிட்டபோது நிலைமை மாறியது. பிறகு எஃப்எல் ஸ்டூடியோ, லாஜிக் ப்ரோ, ஏபிள்டன் லைவ் என்று பெரிய மென்பொருள்கள் ஒவ்வொன்றிலும் இந்த வசதி வந்தது. கொடி பிடித்தவர்கள் அநேகமாக யாரும் இல்லை. "பிரிச்ச குரல்ல இன்னும் சிம்பல் சத்தம் ஒட்டிட்டு இருக்கு" என்ற ரகப் புகார்கள்தான் அதிகம்.

ஜான் லென்னன் பழைய கேசட்டில் பாடி வைத்திருந்த குரலை இதே வகைத் தொழில்நுட்பத்தால் பிரித்தெடுத்துத்தான் 2023-இல் பீட்டில்ஸின் ‘நவ் அண்ட் தென்’ வந்தது. அது 2025-இல் கிராமி விருதும் வாங்கியது. அங்கே ஏஐ ஒரு ஸ்வரத்தைக்கூட உருவாக்கவில்லை, அழுக்கைத் துடைத்தது. இசைக்காரர்கள் அதை ஏற்றுக்கொள்ள அதுவே போதுமான காரணமாக இருந்தது.

இன்விசிபிள் பேஸ் கிட்டாரிஸ்ட்

2024 மே மாதம் ஆப்பிள் வெளியிட்ட லாஜிக் ப்ரோ 11-இல் கதை இன்னும் சிக்கலானது. ‘செஷன் பிளேயர்ஸ்’ என்ற வசதி அதில் வந்தது. நீங்கள் கார்டுகளை மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும், ஒரு பேஸ் பிளேயரும் ஒரு கீபோர்டு பிளேயரும் அதற்கு ஏற்ப வாசிக்கிறார்கள். டிரம்மர் 2013-லேயே வந்துவிட்டார். அவருக்குத் துணையாக இந்த இருவர்.

யோசித்துப் பார்த்தால், இது துடைக்கும் வேலை இல்லை. இது வாசிக்கிறது. ஒரு மனிதர் சம்பளம் வாங்கிச் செய்யும் வேலையைச் செய்கிறது. ஆனாலும் எதிர்ப்பு மெலிதாகவே இருந்தது. ஏன்?

என் வாசிப்பில் மூன்று நான்கு விஷயங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. வாசித்து வந்ததை மிடி குறிப்புகளாக மாற்றி ஒவ்வொரு ஸ்வரமாக நீங்கள் திருத்தலாம். கம்ப்யூட்டருக்கு உள்ளேயே ஓடுகிறது, உங்கள் ட்யூன் யாருடைய சர்வருக்கும் போவதில்லை. இன்றைய முன்னணி பேஸ் கலைஞர்களோடு சேர்ந்துதான் இதைப் பயிற்றுவித்தோம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஏற்கெனவே லாஜிக் வாங்கியவர்களுக்கு இந்த அப்டேட் இலவசம். "டெமோவுக்கு ஓகே, ஃபைனலுக்கு ஆள் வேணும்" என்பதுதான் பொதுவாகக் கேட்கும் தீர்ப்பு.

அந்த டெமோ என்ற சொல்லைத்தான் நான் அவ்வளவு சுலபமாகக் கடந்து போக மாட்டேன். ஓர் இசையமைப்பாளரின் ஸ்டூடியோவில் நுழையும் புதியவருக்கு முதலில் கிடைக்கும் வேலை என்ன? டெமோவுக்கு பேஸ் வாசிப்பது, டிராக் பாடுவது, டெம்போ மாற்றி இரண்டு வெர்ஷன் அடுக்கித் தருவது. கோடம்பாக்கம் இதை ஒருமுறை பார்த்துவிட்டது. டஜன் கணக்கில் வயலின்காரர்கள் உட்கார்ந்து வாசித்த ரெக்கார்டிங் தியேட்டர்களில், தொண்ணூறுகளில் சீக்வென்சரும் சாம்ப்ளரும் நுழைந்தபோது நாற்காலிகள் குறைந்தன. கீபோர்டு புரோகிராமர் என்ற புது வேலையும் அதே கதவு வழியாகத்தான் வந்தது. பிரிட்டனிலும் 1982-இல் இசைக்கலைஞர் சங்கத்தின் லண்டன் கிளை ஒன்று சிந்தசைஸருக்கும் டிரம் மெஷினுக்கும் தடை கேட்டுத் தீர்மானம் போட்டது. இப்போது நின்று பார்த்தால் சிரிப்பு வரலாம். நாற்காலி இழந்தவருக்குச் சிரிப்பு வந்திருக்காது.

ஏஐ இல்லாததையும் ஏஐ என்று சந்தேகிக்கும் காலம்

2025-இல் வந்த எஃப்எல் ஸ்டூடியோவில் ‘லூப் ஸ்டார்ட்டர்’ என்று ஒரு வசதி. இசை வகையைத் தேர்ந்தெடுத்தால் டிரம்ஸ், பேஸ், மெலடி என்று லூப்களை அடுக்கி ஒரு தொடக்கத்தை உங்கள் கையில் தரும். லூப்கள் மனிதர்கள் உருவாக்கியவை, நிறுவனத்தின் லைப்ரரியிலிருந்து எடுக்கப்படுபவை. ஆனாலும் "எஃப்எல்-லயும் ஏஐ வந்துடுச்சா?" என்ற கேள்வி கிளம்பியது. அதே வெர்ஷனில் ‘கோஃபர்’ என்ற ஏஐ உதவியாளர் வந்ததும் சந்தேகத்துக்குக் காரணமாக இருக்கலாம். கோஃபர் செய்வது மென்பொருளை எப்படிப் பயன்படுத்துவது என்று சொல்லித் தருவது, பாட்டு போடுவது இல்லை. இரண்டும் சேர்ந்து ஒரே முகச்சுளிப்பை வாங்கிக்கொண்டன. அந்த அளவுக்கு அந்தச் சொல்லின் பெயர் கெட்டிருக்கிறது. கெடுத்தது யார் என்று பார்க்க, இன்னொரு பக்கம் போக வேண்டும்.

கோபத்தின் மையம்: சூனோ, யூடியோ

சூனோ, யூடியோ இரண்டும் அமெரிக்க நிறுவனங்கள். எழுத்தில் கேட்டால் குரலோடு முழுப் பாட்டு தருபவை. 2024 ஜூனில் யூனிவர்சல், சோனி, வார்னர் மூன்றும் இவர்கள் மீது வழக்கு போட்டன. ஒரு பாடலுக்கு 1,50,000 டாலர் வரை இழப்பீடு கேட்டன. சூனோ நீதிமன்றத்தில் கொடுத்த பதில், கோபத்தைத் தணிக்கவில்லை. இணையத்தில் திறந்து கிடக்கும், ஓரளவு தரமான எல்லா இசைக் கோப்புகளும் அநேகமாகப் பயிற்சியில் இருந்தன, அது சட்டப்படி நியாயமான பயன்பாடே என்பதுதான் அதன் வாதம்.

2025 ஜனவரியில் சூனோவின் தலைவர் மைக்கி ஷுல்மன் ஒரு பாட்காஸ்டில், இசை உருவாக்குவதற்குச் செலவிடும் நேரத்தில் பெரும்பகுதியைப் பெரும்பாலானோர் ரசிப்பதில்லை என்ற பொருளில் பேசினார். இசைக்காரர்கள் கொதித்துப்போனார்கள். ஒரு ஸ்னேர் ஒலியைத் தேடி மூன்று மணி நேரம் செலவழிப்பவரிடம் போய் "இது உனக்குக் கஷ்டம்தானே, நான் பண்ணித் தர்றேன்" என்றால் எப்படி இருக்கும்? அந்த மூன்று மணி நேரம்தான் அவருடைய சந்தோஷம். இந்தத் துறையில் எந்த வசதி வரவேற்பைப் பெறும், எது அடி வாங்கும் என்பதை இந்த ஒரு வாக்கியத்தை வைத்தே கணிக்கலாம். எரிச்சலூட்டும் வேலையை வாங்கிக்கொண்டால் நன்றி சொல்வார்கள். முடிவெடுக்கும் வேலையை வாங்கிக்கொண்டால் சண்டைக்கு வருவார்கள்.

சூனோவுக்கும் இது புரிந்திருக்க வேண்டும். 2025-இல் பிரவுசரில் ஓடும் ‘வேவ்டூல்’ என்ற இசை மென்பொருளை வாங்கியது. செப்டம்பரில் ‘சூனோ ஸ்டூடியோ’ வந்தது. வந்த பாட்டைத் தனித்தனி டிராக்குகளாகப் பிரித்து, அடுக்கி, மிடியாகவும் வெளியே எடுக்கலாம். ஆக, லாஜிக் பாட்டு உருவாக்கும் பக்கம் மெல்ல நகர்கிறது, சூனோ எடிட்டிங் பக்கம் நகர்கிறது.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது யூடியோவில் நடந்ததுதான். 2025 அக்டோபர் கடைசியில் அது யூனிவர்சலோடு சமரசம் செய்துகொண்டது. அதோடு, பயனர்கள் தாங்கள் உருவாக்கிய பாடல்களை டவுன்லோடு செய்யும் வசதி நிறுத்தப்பட்டது. சந்தா கட்டியவர்களுக்கும் சேர்த்துத்தான். ஏஐ-யை உற்சாகமாக ஆதரித்தவர்களே "என் பாட்டை எனக்கே தர மாட்டீங்களா?" என்று கொந்தளித்தார்கள். கடைசியில் நிறுவனம் 48 மணி நேரம் மட்டும் கதவைத் திறந்து வைத்தது. இருப்பதை எடுத்துக்கொண்டு போங்கள், அவ்வளவுதான்.

எதிர்ப்பாளர்களும் ஆதரவாளர்களும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டது இங்கேதான். ‘நான் உருவாக்கியது என் கையில் இருக்கிறதா?’ ஒரு தடவை காசு கொடுத்தால் ஆயுளுக்கும் அப்டேட் தரும் எஃப்எல் ஸ்டூடியோவைப் பழகியவருக்கு, மாதச் சந்தாவும் கிரெடிட் கணக்கும் வேறு உலகம். அந்த உலகில் ஒப்பந்தம் மாறினால் உங்கள் ஹார்டு டிஸ்க்கும் காலி.

அடுத்த மாதமே வார்னர், யூடியோ, சூனோ இரண்டோடும் வழக்கை முடித்துக்கொண்டது. அதே நவம்பரில் முதலீட்டாளர்கள் சூனோவை 245 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள்.

இதே மாதம் டீசர் ஓர் எண்ணை வெளியிட்டது: தினமும் தங்களுக்கு வரும் புதுப் பாடல்களில் சுமார் 50,000, அதாவது 34%, முழுக்க ஏஐ உருவாக்கியவை. இந்தத் தலைப்புச் செய்தியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதே அறிவிப்பில் இருந்த இன்னொரு எண் அதிகம் ஓடவில்லை. மொத்த ஸ்ட்ரீமிங்கில் அந்தப் பாடல்களின் பங்கு சுமார் 0.5% மட்டுமே, அதிலும் 70% வரை போலிக் கேட்புகள். ஆக, ஆள் வந்து கேட்பது குறைவு. ஆனால் முதல் பாட்டை ஏற்றிவிட்டுக் காத்திருக்கும் உங்கள் நண்பர் நிற்பதும் அதே வரிசையில்தான்.

கேட்டு எடுப்பதும் கேட்காமல் எடுப்பதும்

நம் ஊரில் இந்த விவாதம் குரல் வழியாக வந்தது. 2024-இல் ‘லால் சலாம்’ படப் பாடலில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது இருவரின் குரலையும் ஏ.ஆர்.ரஹ்மான் ஏஐ மூலம் கொண்டுவந்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சம்பளமும் கொடுத்ததாக உடனே விளக்கினார். விமர்சனம் வந்தது, ஆனால் வழக்காகவில்லை. எஸ்.பி.பாலசுப்ரமணியத்தின் குரல் ஒரு தெலுங்குப் படத்தில் அனுமதி இல்லாமல் பயன்பட்டபோது அவரது மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். ஒரே தொழில்நுட்பம்தான். ஒன்றில் கேட்டார்கள், ஒன்றில் கேட்கவில்லை. அர்ஜித் சிங் போட்ட வழக்கில் மும்பை உயர் நீதிமன்றமும் 2024 ஜூலையில் அவரது குரலுக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தது.

குரலுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு. பேஸ் லைனுக்கும் பீட்டுக்கும்? அங்கேதான் மத்திய அரசின் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக ஊக்குவிப்புத் துறை 2025 டிசம்பரில் வெளியிட்ட வரைவு அறிக்கையை நீங்கள் கவனிக்க வேண்டும். சட்டப்படி அணுகக்கூடிய எந்தப் படைப்பையும் ஏஐ நிறுவனங்கள் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாம், பதிலுக்கு வருமானத்திலிருந்து ராயல்டி கட்ட வேண்டும், அதை ஒரு மைய அமைப்பு வசூலித்துப் பிரித்துக் கொடுக்கும் என்கிறது அந்த அறிக்கை. காசு உண்டு. ஆனால் ‘என் பாட்டை எடுக்காதே’ என்று சொல்லும் உரிமை படைப்பாளிக்கு இல்லை. மென்பொருள் நிறுவனங்களின் அமைப்பான நாஸ்காம், காசு கட்ட வேண்டும் என்பதையே எதிர்த்து மாற்றுக் கருத்து பதிவு செய்திருக்கிறது.

உருவானது யாருக்குச் சொந்தம் என்பதிலும் இந்தியச் சட்டம் தனி ரகம். வெறும் ப்ராம்ப்ட் மட்டும் கொடுத்து வாங்கியதற்குக் காப்புரிமை கிடையாது என்று அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் 2025 ஜனவரியில் சொல்லிவிட்டது. இந்தியச் சட்டத்தின் 2(டி)(vi) பிரிவோ, கம்ப்யூட்டர் உருவாக்கும் படைப்புக்கு ‘அது உருவாகக் காரணமானவர்’ ஆசிரியர் என்கிறது. இன்றைய ஏஐ பிறப்பதற்கு முன்பே, தொண்ணூறுகளில் எழுதிய வரி அது. பட்டனை அழுத்தியவரா, பட்டனைச் செய்த நிறுவனமா, அந்தப் பட்டனுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான பேஸ் கிட்டாரிஸ்டுகளா, இந்த மூவரில் ‘காரணமானவர்’ யார் என்று அதில் எழுதியிருக்கவில்லை.