சாம்பிள் நாங்க, சயின்டிஸ்ட் நீங்களா?

போன மாசம் எங்கள் கிளையில் நகைக்கடன் கவுண்டரில் உட்கார்ந்திருந்தேன். நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கிற ஒருவர், ஒரு ஜோடி கம்மலைத் துணியில் முடிந்து கொண்டுவந்து வைத்தார். எதுக்குங்க பணம் என்று படிவத்துக்காகக் கேட்டேன். "பையன் இன்ஜினீயரிங் கடைசி வருஷங்க சார். பிராஜெக்ட்டாம். பதினஞ்சாயிரம் கட்டுனாத்தான் செஞ்சு குடுப்பாங்களாம்." யார் செய்து கொடுப்பார்கள்? "அது ஏதோ சென்டருங்க சார்." படிவத்தில் 'கல்விச் செலவு' என்று எழுதினேன். எழுதும்போதே கை கூசியது. அது கல்விச் செலவு இல்லை தோழர்களே. கல்வி கிடைக்காமல் போனதற்கான செலவு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் எட்டாவது செமஸ்டர் பிராஜெக்ட்டுக்கு மட்டும் 10 கிரெடிட். மாணவன் தானே ஒரு கேள்வி கேட்டு, தானே விடை தேடி, தானே எழுதிக் காட்ட வேண்டிய ஒரே இடம் அதுதான். மற்றதெல்லாம் மனப்பாடம். அந்த ஒரே இடத்தையும் சென்டர்கள் கடையாக்கி வைத்திருக்கின்றன. பட்டியலில் ஒரு தலைப்பைத் தொட்டுக் காட்டினால் போதும். கோடு, சர்க்யூட், ரிப்போர்ட், வைவாவில் சொல்லவேண்டிய பதில் எல்லாம் சேர்த்து ஒரு விலை. சாப்பாடு பார்சல் மாதிரி.

நம் பிள்ளைகள் இதை வாங்குகிறார்கள் என்று திட்டுவதற்கு முன்னால் யோசியுங்கள். நாலு மணிக்குப் பூட்டுகிற லேப். பத்துப் பதினைந்து குழுக்களைத் தலையில் கட்டிக்கொண்டு, தன் சம்பளமே ஒழுங்காக வராத கைடு. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை, கேட்டுத் தெரிந்துகொள்ள அண்ணன் இல்லை, மாமா இல்லை. முதல் பட்டதாரி என்றால் அந்தக் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் நடந்தவன் ஒருத்தனும் இல்லை என்று அர்த்தம். அவன் சென்டருக்குப் போகாமல் வேறு எங்கே போவான்?

இன்னொரு பக்கம் பாருங்கள். இந்திய அறிவியல் அகாடமியும் மற்ற இரண்டு தேசிய அறிவியல் அமைப்புகளும் சேர்ந்து கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. இரண்டு மாதம் பெரிய ஆய்வுக்கூடத்தில் உட்காரலாம். நல்ல விஷயம்தான். ஆனால் விண்ணப்பத்தோடு ஒரு ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். யாருக்கு எழுதுவார் ஆசிரியர்? அவர் அறைக்குள் உரிமையோடு போய் உட்கார்ந்து பேசுகிறவனுக்கு. நம் பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே கடைசி தேதி முடிந்த பிறகுதான் தெரிகிறது. அப்புறம் சொல்வார்கள், "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸுக்கு ரிசர்ச்ல இன்ட்ரஸ்ட் இல்லப்பா" என்று. கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, வெளியே நிற்கிறவனுக்கு நடக்கத் தெரியாது என்கிற கதை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2009. தர்மபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் மூன்றாம் ஆண்டு. எங்கள் சேரியில் பத்து வயசுப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்புக்கறை. பெரியவர்களுக்கு முட்டி மடங்காது. போர் தண்ணியில் ஃபுளோரைடு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது 2013-ல்தான். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை நல்லது, ஒன்றரைக்கு மேலே போனால் குடிக்கக் கூடாது என்று புத்தகத்தில் படித்தேன். அப்படியானால் ஊர் டேங்கில் எவ்வளவு? சேரி டேங்கில் எவ்வளவு? இரண்டு பக்கமும் தண்ணி பிடித்து, சிவப்புச் சாயம் கலந்து, ஃபுளோரைடு கூடக்கூட சாயம் எவ்வளவு வெளுக்கிறது என்று கலரிமீட்டரில் பார்த்தால் தெரிந்துவிடும். லேப்பில் எல்லாம் இருந்தது. கைடிடம் போய்ச் சொன்னேன். சிரித்தார். "இதெல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்குற வேலைடா. சயின்ஸ் பண்ணுடா, சயின்ஸ்" என்றார். கடைகளில் விற்கும் சோப்புகளின் காரத்தன்மை என்று ஒரு தலைப்பு கொடுத்தார். எங்களுக்குச் சோப்பு!

நாலு பேர் குழு. ரிப்போர்ட் முழுக்க நான் எழுதினேன். வைவாவுக்கு வந்த வெளித் தேர்வாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி எந்த ஊர். இரண்டாவது கேள்வி, ஊரில் எந்தப் பக்கம். சோப்பைப் பற்றி மூன்றாவதாகத்தான் கேட்டார். மற்ற மூவருக்கும் 80-க்கு மேலே. எனக்கு 52. தியரித் தாளில் டம்மி நம்பர் போட்டுத் திருத்துகிறார்கள், முகம் தெரியாது. அங்கே நான் வகுப்பில் மூன்றாவது. பிராஜெக்ட்டுக்கு முகம் உண்டு, பேர் உண்டு, எந்தப் பக்கம் என்பது உண்டு. இது என் ஒருவன் புலம்பல் இல்லை. டெல்லி எய்ம்ஸ் பற்றி தோரட் குழு 2007-ல் கொடுத்த அறிக்கையைப் படியுங்கள். வைவாவில் சாதியைத் துருவுகிறார்கள் என்று அங்கே படித்த தலித், பழங்குடி மாணவர்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. நாட்டின் தலைசிறந்த மருத்துவக் கல்லூரியிலேயே அந்த லட்சணம்.

சேரித் தண்ணியை நான் அளக்கவேயில்லை. பேங்க் பரீட்சை எழுதினேன். கவிதை எழுதினேன். அந்த இரண்டு பாட்டில் தண்ணி இன்னும் என் மேல் கடனாக நிற்கிறது.

இதைச் சொன்னால் இரண்டு குரல் கேட்கும். ஒன்று, "அறிவியலுக்கு ஏது சாதி தோழர்?" சரி. அறிவியலுக்குச் சாதி இல்லை. கைடுக்கு இருக்கிறதே? எது அறிவியல், எது மனு என்று முடிவு பண்ணுகிறவனுக்கு இருக்கிறதே? இரண்டாவது குரல் நம் ஆட்களுடையது. "வெட்டுறான், குடிசையைக் கொளுத்துறான், நீ என்னாத்துக்கு பிராஜெக்ட் பத்திப் பேசிட்டிருக்க?" அவர்களுக்கு ஒரு பெயரை நினைவுபடுத்துகிறேன். செந்தில்குமார். சேலம் மாவட்டத்துக்காரர், பன்றி வளர்க்கிற குடும்பத்துப் பிள்ளை, ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வு மாணவர். அவருக்கு வழிகாட்டி ஒதுக்கப்படாமலே மாதங்கள் போயின. 2008 பிப்ரவரியில் விடுதியில் தற்கொலை செய்துகொண்டார். 2016 ஜனவரியில் அதே பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா. அரிவாளால் நடந்தால்தான் வன்கொடுமையா? கைடு அறைக் கதவு பிஎச்.டி.யில் திடீரென்று மூடுவதில்லை. பி.எஸ்சி.யில், பி.ஈ.யில் மூட ஆரம்பிக்கிறது.

விஞ்ஞானம் நம் தெருவுக்கு வராமலும் இல்லை. வேறு விதமாக வருகிறது. 2022 டிசம்பரில் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கிற தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். தண்ணி ஆய்வுக்கூடம் போனது. டி.என்.ஏ. சோதனைக்குப் பாதிக்கப்பட்ட தெருவிலேயே ரத்தம் கேட்டார்கள். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. ஆய்வுக்கூடத்தில் எப்போதும் நாம் சாம்பிள். பிப்பெட்டைப் பிடிக்கிற கை நம்முடையது இல்லை.

கம்மல் அடகு வைத்தவரிடம் பையனை ஒருநாள் வரச் சொன்னேன். வந்தான். என்னப்பா பிராஜெக்ட் என்றேன். "ஸ்மார்ட் டஸ்ட்பின் சார்." குப்பைத் தொட்டி நிறைந்தால் சென்சார் கண்டுபிடித்து மெசேஜ் அனுப்புமாம். நீயா தேர்ந்தெடுத்தாய்? "இல்லைங்க, அதுதான் சீப்பா இருந்துச்சு." கொஞ்சநேரம் சும்மா இருந்துவிட்டுச் சொன்னான்: "தொட்டி நிறைஞ்சா எங்கப்பாவுக்கு நாத்தத்துலயே தெரியும் சார். அவருக்குக் குப்பைக்குள்ள கெடக்குற கண்ணாடித்துண்டும் ஊசியுந்தான் பிரச்சினை. கையெல்லாம் கிழிஞ்சிருக்கும்."

கேட்டீர்களா? அதுதான் ஆய்வுக் கேள்வி. கையைப் போடுவதற்கு முன்னால் கண்ணாடியையும் ஊசியையும் எப்படிக் கண்டுபிடிப்பது? எந்த சென்டர் பட்டியலிலும் அது இல்லை. எந்தப் பேராசிரியர் வீட்டிலும் அது பிறக்காது. அவன் வீட்டில் தினம் சாயங்காலம் ரத்தத்தோடு வந்து நிற்கிறது. அதை வெளியே தள்ளிவிட்டு, பதினைந்தாயிரத்துக்கு ஒரு பொம்மைத் தொட்டியை அவன் தலையில் கட்டுகிறது இந்தப் படிப்பு.

கேள்வி இருந்தால் பிள்ளைகளால் முடியும். கேரளத்தில் குற்றிப்புரம் எம்.இ.எஸ். பொறியியல் கல்லூரியில் சேர்ந்து படித்த சில பையன்கள், படிக்கும்போதே எந்திரக் கவசம் செய்து பழகியவர்கள், பிறகு சாக்கடைக்குழிக்குள் மனிதனுக்குப் பதில் இறங்குகிற பாண்டிகூட் என்கிற எந்திரத்தைக் கட்டினார்கள். 2018-ல் திருவனந்தபுரத்தில் அது இறங்கியது. நம் நாட்டில் சட்டம் 2013-ல் வந்தது. குழிச் சாவுக்கு 2014-ல் பத்து லட்சம், 2023-ல் முப்பது லட்சம் என்று உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை உயர்த்தியது. தொகை உயர்ந்தது, சாவு நிற்கவில்லை. நூற்றுக்கணக்கான பொறியியல் கல்லூரிகள் இருக்கிற தமிழ்நாட்டில் வருஷா வருஷம் எத்தனை ஸ்மார்ட் டஸ்ட்பின்! வெட்கமாக இல்லையா?

சீட்டுக்குப் போராடினோம். உதவித்தொகைக்குப் போராடினோம். இனி கைடு அறைக்கும் போராட வேண்டும். கைடு ஒதுக்கீட்டைக் குலுக்கலில் எடு, பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டு. வைவாவில் கேட்ட கேள்வியையும் போட்ட மார்க்கையும் எழுதி வை, கேட்டால் காட்டு. ஊரைக் கேட்காதே. தமிழில் எழுதினால் வாங்கு. லேப்பை ராத்திரி எட்டு மணி வரை திற. ஆதிதிராவிட மாணவர்களுக்குப் பிராஜெக்ட் செலவைக் கையில் கொடு, கம்மல் அடகுக்கு வரக் கூடாது.

நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. வேலைக்குப் போய்விட்ட நாம், அம்பேத்கர் பிறந்தநாளுக்குப் பேனர் வைப்பதோடு கடமை முடிந்தது என்று இருக்கிறோம். 1927-ல் மகாடில் அவர் இறங்கியது தண்ணிக்கு. நாம் அந்தத் தண்ணியை அளக்கக்கூட இல்லை. இரண்டாம் சனி, நாலாம் சனி எனக்கு லீவு. அந்தப் பையனும் நானும் உட்கார ஆரம்பித்திருக்கிறோம். சென்டரில் கட்டிய முன்பணம் போனால் போகட்டும் என்று அவனே சொல்லிவிட்டான். அவன் அப்பா கையுறையும் ஒரு மூட்டைக் குப்பையும் கொடுத்திருக்கிறார். உங்கள் ஊரில் படித்த நாலு பேர் சேருங்கள். இன்ஜினீயர், லேப் டெக்னீஷியன், வாத்தியார் யாரானாலும் சரி. கடைசி வருஷப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, வீட்டில் அம்மா அப்பாவுக்கு எது வலிக்கிறது என்று முதலில் கேளுங்கள். தலைப்பு கொடுக்கிற கடைசி தேதிக்கு முன்னாலேயே கேளுங்கள்.