குறட்டை விடும் மாடு

மாடு குறட்டை விட்டால் நம் கிராமங்களில் சிரிப்பார்கள். பாவம், அந்த மாடு தூங்கவில்லை. மூச்சு விட முடியாமல் திணறுகிறது.

இரத்தக் குழாயினுள் வாழும் ஒருவகைத் தட்டைப்புழுதான் இதற்குக் காரணம். அது மூக்கின் சிரைகளில் தங்கி முட்டையிட, காலிபிளவர் போன்ற சதை வளர்ந்து மூச்சை அடைக்கிறது. 1933ஆம் ஆண்டு இப்புழுவுக்குப் பெயர் சூட்டியவர், சென்னையில் ஆராய்ச்சி செய்த எம். அனந்த நாராயண ராவ்.

முட்டைகள் மூக்குச் சளியோடு குளத்து நீரில் விழுகின்றன. வெளிவரும் குஞ்சு தட்டைச் சுருள் நத்தை ஒன்றினுள் புகுந்து பல்கிப் பெருகுகிறது. பின்பு வாலுள்ள நுண்புழுக்களாய் நீருக்குத் திரும்பி, அங்கே நிற்கும் மாட்டின் தோலைத் துளைத்து உள்ளே செல்கிறது. எருமைகளோ பெரும்பாலும் குறட்டை விடாமலேயே முட்டைகளைப் பரப்பிக்கொண்டிருக்கும்!

இதன் உறவுப் புழுக்கள் ஆப்பிரிக்காவில் கோடிக்கணக்கான மக்களை வாட்டுகின்றன. நம் நாட்டிலும் 1952இல், இரத்தினகிரி மாவட்டத்துக் கிம்வி கிராமத்தில், சிறுநீரில் இரத்தம் வரச் செய்யும் வகையைக் காட்கில், ஷா என்போர் கண்டறிந்தனர். தாமிரபரணிக் கரையில் நாம் அஞ்ச வேண்டியது அந்த நோயை அன்று. அப்படியானால் இது மாட்டு வைத்தியர் கவலை, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மாட்டைத் தேடி வரும் நுண்புழு மனிதத் தோலிலும் நுழைந்துவிடும். உள்ளே வாழ முடியாமல் அங்கேயே மடியும். தோல் தடித்து அரிப்பெடுக்கும். பிசான நடவின்போது நாள் முழுதும் தண்ணீரில் குனிந்து நிற்பவர்கள் பெண்கள். "தண்ணி கடிக்கு" என்று அவர்கள் சொன்னால், சேறு என்றால் அப்படித்தான் என்று வாயை அடைத்துவிடுகிறார்கள். எல்லா அரிப்பும் புழுவால் வருவதன்று. உரமும் பூச்சிமருந்தும்கூடக் காரணமாகலாம். ஆனால் எது என்று கேட்டாவது பார்க்க வேண்டாமா? மாட்டின் சளியை நுண்ணோக்கியில் வைத்தால், நம் மறவர் வீசிய வளரி போல வளைந்த முட்டைகள் தெரியும். இதற்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் தேவையில்லை.

ஜப்பானில் நெல் உழவர்களைத் தலைமுறைகளாக வாட்டிய இவ்வினப் புழுவை ஒழிக்க, வாய்க்கால்களுக்குச் சிமெண்டு பூசினார்கள். 1996இல் யமநாஷி மாகாணம் நோய் ஒழிந்ததாக அறிவித்தது. நம் கால்வாய்களை எல்லாம் அப்படிப் பூசிவிட்டால் மீனும் தவளையும் எங்கே போகும்? மாடுகளைக் குளத்தில் இறக்காமல் தொட்டியில் தண்ணீர் காட்டலாம். குறட்டை விடும் மாட்டைக் கால்நடை மருந்தகத்துக்கு ஓட்டிச் செல்லலாம். பால் கறப்பதும் நடவுக்குப் போவதும் பெரும்பாலும் ஒரே அம்மாதான். மாட்டின் மூக்கைக் காட்டப் போகிற அன்றைக்கே, ஆஸ்பத்திரியில் தன் காலையும் காட்டிவிட்டு வரட்டுமே.