அடிமரம் சாய்ந்த பின்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்

பெரிய நிறுவனம் ஒன்று திவாலாகிவிட்டது என்று செய்தி வந்தால், அதன் முதலாளிகள் இழந்த கோடிகளைப் பற்றியே எல்லோரும் பேசுகிறோம். அந்த நிறுவனத்தின் பெயர்ப்பலகையை மாட்டி, சொந்தப் பணத்தைப் போட்டுக் கடை நடத்திய சிறு வியாபாரியின் கதி என்ன? அதைக் கேட்பார் இல்லை. 'பிரான்சைஸ்' எனப்படும் இந்த முறையில் பெயரும் விளம்பரமும் தாய் நிறுவனத்துடையவை. கடை வாடகையும் கடனும் ஆட்சம்பளமும் உரிமம் எடுத்தவருடையவை. தாய் விழுந்தால் முன்னவை போய்விடும், பின்னவை போவதில்லை.

அமெரிக்காவின் 'பிளாக்பஸ்டர்' நிறுவனத்தின் கதை இதற்கு நல்ல சான்று. 1985-இல் டல்லஸ் நகரில் ஒரு வீடியோ வாடகைக் கடையாகத் தொடங்கிய அது, 2004-இல் ஏறத்தாழ 9,000 கடைகளாகப் பெருகியது. தபாலிலும் பின்னர் இணையத்திலும் படங்கள் வீட்டுக்கே வரத் தொடங்கியதும் அதன் வணிகம் சரிந்தது. 2010 செப்டம்பரில் திவால் மனுக் கொடுத்தது. 2011-இல் டிஷ் என்னும் நிறுவனம் அதை ஏலத்தில் எடுத்தது. 2013 நவம்பரில், எஞ்சியிருந்த சுமார் 300 சொந்தக் கடைகளையும் மூடப்போவதாக டிஷ் அறிவித்தது.

ஆனால், உரிமம் பெற்றுத் தனியார் நடத்திய சில கடைகள் அதன் பின்னும் நின்றன! அலாஸ்காவின் கடைசி இரு கடைகள் 2018 ஜூலை வரை நடந்தன. ஆஸ்திரேலியாவின் மார்லி நகர்க் கடை 2019 மார்ச்சில் மூடப்பட்டது. இன்று எஞ்சியிருப்பது ஓரிகன் மாநிலத்து பென்ட் நகரிலுள்ள ஒரே கடை. அது 1992-இல் வேறொரு பெயரில் பிறந்து, 2000-இல்தான் பிளாக்பஸ்டர் பெயரை ஏற்றது. பெயர் வருவதற்கு முன்பே அதற்கு ஊரில் வாடிக்கையாளர் இருந்தனர். தாய் நிறுவனத்திலிருந்து சரக்கு வருவது நின்றதும், புதுப் படத் தட்டுகளைச் சாதாரணக் கடைகளில் விலைக்கு வாங்கி வாடகைக்கு விட்டார்கள். அடிமரம் சாய்ந்தாலும், மண்ணில் ஊன்றிய விழுது கிளையைத் தாங்கத்தானே செய்கிறது?

ஆயினும் ஓர் அநீதி இங்கே உண்டு. அந்தப் பெயரை இன்று உயிரோடு வைத்திருப்பது அந்தச் சிறு கடை. பெயருக்கு உரிமையாளரோ டிஷ் நிறுவனம்! கடைக்காரர் இன்றும் அவர்களிடம் உரிமம் பெற்றே அப்பெயரை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

சட்டம் ஓரளவு துணை நிற்கிறது. வணிகக் குறியை வழங்கிய நிறுவனம் திவாலாகி ஒப்பந்தத்தைக் கைவிட்டாலும், அக்குறியைப் பயன்படுத்தும் உரிமை அதனாலேயே அற்றுப்போகாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்புதான். ஆனால் சரக்கும் விளம்பரமும் இல்லாத வெறும் பெயர் எத்தனை நாள் சோறு போடும்?

"வியாபாரம் என்றால் நட்டமும் உண்டு, தெரிந்துதானே இறங்கினார்கள்?" என்று சிலர் கேட்கலாம். தெரிந்தா இறங்கினார்கள்? தன் கடைக் கணக்கு கடைக்காரருக்குத் தெரியும். தாய் நிறுவனத்தின் கடன் கணக்கு அவருக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் அமெரிக்காவில் 1979 முதல் ஒரு விதி நடைமுறையில் இருக்கிறது. உரிமம் விற்பவர் தம் வரவு செலவுக் கணக்கை முன்கூட்டியே காட்ட வேண்டும். இப்போதைய விதிப்படி, கையெழுத்துக்குக் குறைந்தது 14 நாள் முன்பே அந்த ஆவணம் கைக்கு வந்துவிட வேண்டும். நம் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. பொதுவான ஒப்பந்தச் சட்டமும் வணிகக் குறிச் சட்டமுமே உள்ளன. இது போதாது என்பது என் கருத்து. கணக்கைக் காட்டும் கடமையோடு, தாய் விழுந்தால் முன்பணத்துக்கும் தேங்கிய சரக்குக்கும் யார் பொறுப்பு என்பதையும் சட்டமே சொல்ல வேண்டும்.

வேலை கிடைக்காவிட்டால் ஒரு கடையாவது எடுத்து நடத்தலாம் என்று நம்மில் பலர் பேசிக்கொள்கிறோம். அப்படிப் போடும் முதல் பெரும்பாலும் பெற்றோரின் ஆயுட்காலச் சேமிப்பாகத்தான் இருக்கும். ஆகவே நண்பர்களே, பெயர்ப்பலகையின் பளபளப்பைப் பார்க்குமுன் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். பெயரை இரவல் வாங்கலாம். ஊராரின் நம்பிக்கையை நாமேதான் சம்பாதிக்க வேண்டும்.