அளக்கப்படுவது யார்?

புதுக்கோட்டைத் தோழர்களே!

பெருந்தொற்று ஒன்றரை ஆண்டுக்கு மேல் பூட்டிவைத்த பள்ளிக் கதவு, எட்டாம் வகுப்புவரை பயிலும் நம் பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தது. நவம்பர் 12 அன்று தேசிய அடைவு ஆய்வு! எட்டாம் வகுப்பில், பல பாடங்களில் நாட்டின் சராசரிக்கும் கீழே நின்றது தமிழகம். தோற்றது பிள்ளையா? பூட்டிக் கிடந்த வகுப்பறையல்லவா!

அளக்கத்தான் வேண்டும். ஆனால், அளவுகோல் வேறு, சல்லடை வேறு. ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்கு 2019இல் அறிவிக்கப்பட்ட பொதுத்தேர்வு, ஏழைப் பிள்ளையைச் சலித்துத் தள்ளும் சல்லடை. எதிர்ப்பு எழுந்தது, 2020 பிப்ரவரி 4இல் அது கைவிடப்பட்டது. அடைவு ஆய்வோ, எந்தப் பிள்ளையையும் தேறியவர், தேறாதவர் எனப் பிரிப்பதில்லை. பள்ளி கற்பித்ததா என்று கேட்கிறது. அக்கேள்விக்கு அஞ்சலாமா?

1991இல் இம்மண்ணில் எழுந்த அறிவொளி இயக்கத்தை எண்ணிப் பாருங்கள். கல்லுடைக்கும் பெண்கள் எழுத்தும் கற்றனர்; சைக்கிளும் கற்றனர். கற்பித்தோர் தொண்டர்கள். எந்தத் தேர்வு அப்பெண்களை மிரட்டிற்று?

கிளைதோறும் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாசிக்கத் தடுமாறும் பிள்ளையின் பக்கத்தில் அமருங்கள். ஆசிரியர் போதாத பள்ளிக்கு ஆசிரியர் கேட்டு வாதாடுங்கள். மதிப்பெண் குறைந்தால் குனிய வேண்டியது பிள்ளையின் தலையன்று, நம் தலை!