வினையில் பிறக்கும் விளையாட்டு

நுழையும்முன்

கணினி விளையாட்டை ஆடிக் களிக்கும் மாணவர்கள், அதனை உருவாக்கிப் பார்க்கவும் விழைகின்றனர். அத்தகைய செயல்திட்டத்தை மேற்கொள்ளும் குழுவில் முதலில் எழும் வினா, ‘எதைப் பற்றி விளையாட்டு அமைப்பது?’ என்பதாகும். அதைவிடப் பயன் மிகுந்த வினா ஒன்று உண்டு. அதற்கு விடை காணத் தாளும் எழுதுகோலும் புளியங்கொட்டையுமே போதும் என்பதை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பெயர்களின் பட்டியல்

விளையாட்டுச் செயல்திட்டத்திற்குக் கருத்துத் திரட்ட அமரும் குழுவின் தாளில் முதலில் இடம்பெறுவன பெரும்பாலும் பெயர்ச்சொற்களே. பேய் மாளிகை, விண்வெளி, மகிழுந்துப் பந்தயம், சோழர் போர், நெகிழி ஒழிப்பு, ஏரிப் பாதுகாப்பு எனப் பட்டியல் நீளும். அவற்றுள் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். உடனே நாயகனின் உடை, பின்னணி இசை, முகப்புப் படம் ஆகியவற்றைப் பற்றிய பேச்சு சூடுபிடிக்கும். செயல்திட்டம் முடியும் நாளில் அழகிய முகப்புப் படம் ஒன்று கிடைக்கும். அதன் பின்னே, எல்லாரும் பலமுறை ஆடிச் சலித்த ஓட்டமும் சுடுதலுமே இருக்கும். ஓடுபவன் சோழ வீரனாயினும் விண்வெளி வீரனாயினும் ஆடுபவரின் விரல் செய்யும் வேலை ஒன்றே. பெயர் மாறியது, விளையாட்டு மாறவில்லை.

இக்குறைக்குக் காரணம் மாணவரிடம் கற்பனை இல்லாமை அன்று. கற்பனை தொடங்கிய இடமே காரணம். கதை கேட்கப்படுவது; ஓவியம் காணப்படுவது; விளையாட்டோ செய்யப்படுவது. ஆடுபவர் என்ன செய்கிறார், அவர் செய்வதால் என்ன மாறுகிறது என்பதே விளையாட்டின் உயிர். ஆகவே, ‘எதைப் பற்றி?’ என்று கேட்பதற்கு முன், ‘ஆடுபவர் என்ன செய்வார்?’ என்று கேட்பதே முறை. முதல் வினாவுக்குப் பெயர்ச்சொல் விடையாகும். இரண்டாம் வினாவுக்கு வினைச்சொல்லே விடையாகும்.

வினையே விதை

உலகப் புகழ்பெற்ற விளையாட்டுகள் சில இதற்குச் சான்றாக நிற்கின்றன. ஜப்பானின் நாம்கோ நிறுவனத்தில் பணியாற்றிய டோரு இவாடானி, ‘உண்ணுதல்’ என்னும் வினையிலிருந்து சிந்திக்கத் தொடங்கினார். 1980 இல் வெளியான பேக்மேன் அச்சிந்தனையின் விளைவாகும். வாயைத் திறந்து மூடும் மஞ்சள் வட்டத்திற்கு உடையும் இல்லை. நீண்ட கதையும் இல்லை. உண்ணுதல் என்னும் ஒரு வினையும் அதற்கு இடையூறான துரத்தல் என்னும் மற்றொரு வினையும் அவ்விளையாட்டைத் தாங்குகின்றன.

1984 இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸின் வினை ‘அடுக்குதல்’. ஐந்து சதுரங்களால் ஆன பன்னிரண்டு வடிவங்களைப் பொருத்தும் புதிர் விளையாட்டு அவருக்குத் தூண்டுகோலாயிற்று. அவர் அதனை நான்கு சதுரங்களாகச் சுருக்கினார். வடிவங்கள் ஏழாகக் குறைந்தன. அவர் பயன்படுத்திய கணினியில் படம் வரையும் வசதி இல்லை; எனவே அடைப்புக்குறிகளையே கட்டங்களாகத் திரையில் காட்டினார். படமே இன்றிப் பிறந்த அவ்விளையாட்டு, நாற்பது ஆண்டுகளைக் கடந்தும் ஆடப்படுகிறது.

மூன்றாவது சான்று மாணவர்களின் செயல்திட்டமே ஆகும். அமெரிக்காவின் டிஜிபென் கல்வி நிறுவனத்தில் பயின்ற மாணவர் குழு ஒன்று, 2005 இல் நார்பாகுலர் டிராப் என்னும் விளையாட்டை வெளியிட்டது. அதன் நாயகியான இளவரசியால் தாவ இயலாது. ஆடுபவர் சுவர்களில் இரு வாயில்களை அமைத்து, ஒன்றில் நுழைந்து மற்றொன்றின் வழியே அவளை வெளிக்கொணர வேண்டும். ‘தாவுதல்’ என்னும் பழகிய வினையை விலக்கியதால் ‘வாயில் அமைத்தல்’ என்னும் புதிய வினை முதன்மை பெற்றது. அதனைக் கண்ட வால்வ் நிறுவனம் அம்மாணவர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டது. அவர்களின் கருத்து 2007 இல் போர்ட்டல் என்னும் பெயரில் வளர்ச்சி பெற்று வெளிவந்தது.

கதையிலிருந்து தொடங்கிச் சிறந்த விளையாட்டுகளைப் படைத்தோரும் உளர் என்பது மறுக்க இயலாதது. ஆயினும் கதையை எழுதவும் வரையவும் இசையமைக்கவும் பெருங்குழுவும் பல ஆண்டுகளும் தேவைப்படும். நான்கு மாணவரும் சில வாரங்களுமே கொண்ட செயல்திட்டத்திற்கு வினையே உற்ற துணையாகும்.

நன்னூல் தரும் ஆறு வினாக்கள்

வினையை மட்டும் சொல்லிவிட்டால் விளையாட்டு அமைந்துவிடாது. அதனை விரித்துப் பார்க்கத் தமிழ் மாணவர் தொலைவில் தேட வேண்டுவதில்லை. வினைச்சொல் உணர்த்தும் பொருள்களாக நன்னூல் ஆறினைக் குறிப்பிடுகிறது. செயல், அதனைச் செய்பவன், அதற்குரிய கருவி, அது நிகழும் இடம், காலம், செயப்படுபொருள் என்பனவே அவை. இலக்கண வகுப்பில் கற்ற இவ்வாறும், விளையாட்டின் கருவைச் சோதிக்கும் ஆறு வினாக்களாக அமைகின்றன.

ஆடுபவர் யார்? அவர் கையில் உள்ள கருவி யாது? எவ்விடத்தில் செயல் நிகழ்கிறது? என்ன செய்கிறார்? எவ்வளவு காலத்திற்குள் செய்ய வேண்டும்? எதன்மீது செய்கிறார்? இவ்வாறுக்கும் ஒவ்வொரு சொல்லால் விடை கூற முடியுமாயின் கரு தெளிவாக உள்ளது எனக் கொள்ளலாம். ஆறனுள் ஒன்றை மட்டும் மாற்றினாலும் புதிய விளையாட்டு தோன்றும். ‘சுமத்தல்’ என்பதே வினையாயினும், சுமப்பது நீராயின் சிந்தும், கண்ணாடியாயின் உடையும், குழந்தையாயின் அழும். இவை மூன்றும் வெவ்வேறு விளையாட்டுகள்.

தெரிந்து தெளிவோம்

ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகளும் 15 ஆடுகளும் 23 சந்திப்புகள் கொண்ட களத்தில் மோதுகின்றன. புலியின் வினை ‘தாண்டி வெட்டுதல்’. ஆட்டின் வினை ‘சூழ்ந்து அடைத்தல்’. இருவருக்கும் வெவ்வேறு வினைகள் அளிக்கப்பட்டிருப்பதே அவ்வாட்டத்தின் நுட்பம். தரையில் கோடு கிழித்துக் கற்களை வைத்து ஆடிய நம் முன்னோர், சிறந்த விளையாட்டு வடிவமைப்பாளர்களாகத் திகழ்ந்தனர்.

குழுவில் ஒலிக்காத குரல்

கருத்துத் திரட்டும் முறையை உலகில் பரப்பியவர் அமெரிக்க விளம்பரத் துறையைச் சார்ந்த அலெக்ஸ் ஆஸ்பர்ன். 1953 இல் வெளிவந்த தம் நூலில் அவர் நான்கு நெறிகளை விளக்கினார். கருத்துகளை உடனே மதிப்பிடாதிருத்தல், எண்ணிக்கையைப் பெருக்குதல், விந்தையான கருத்துகளையும் வரவேற்றல், பிறர் கருத்தோடு இணைத்து மேம்படுத்துதல் என்பன அவை. இந்நெறிகள் இன்றும் பயன்தருவன. ஆனால், குழுவாகக் கூடிப் பேசினால் கருத்துகள் பெருகும் என்னும் எண்ணத்தை ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை.

1958 இல் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைச் சோதித்தனர். நால்வர் கூடிப் பேசித் திரட்டிய கருத்துகளைவிட, தனித்தனியே சிந்தித்த நால்வரின் கருத்துகளைத் தொகுத்தபோது எண்ணிக்கை மிகுதியாக இருந்தது. குழுவில் ஒருவர் பேசும்போது ஏனையோர் தம் முறைக்குக் காத்திருக்க நேர்வதும், அதற்குள் எண்ணம் தடைப்படுவதும் இதற்கு முதன்மைக் காரணம் என 1987 இல் வெளியான மற்றோர் ஆய்வு சுட்டியது.

வகுப்பறையில் இதன் விளைவு கடுமையானது. வீட்டில் கணினி வைத்திருப்பவரும் பல விளையாட்டுகளை ஆடிப் பழகியவரும் முதலில் பேசுவர், உரக்கவும் பேசுவர். கைப்பேசியைப் பிறரிடம் இரவல் பெற்று ஆடும் மாணவியோ, ‘எனக்கு இவை தெரியாது’ என ஒதுங்கி அமர்வாள். ஆனால், பிறர் ஆடிய விளையாட்டுகளைக் குறைவாக அறிந்தவரே அவற்றின் சாயல் படியாத வினையைக் கொண்டுவர வல்லவர். விடியலில் பூத்தொடுப்பவர், மீன்வலை பின்னுபவர், நெரிசல் மிகுந்த பேருந்தில் பயணச்சீட்டு வழங்குபவர் ஆகியோரின் வீட்டுப் பிள்ளைகள் அறிந்த வினைகள், எந்த விளையாட்டுக் கடையிலும் கிடைப்பன அல்ல.

ஆதலின், முதல் பத்து நிமிடங்கள் எவரும் பேசாமல், ஒவ்வொருவரும் தம் அன்றாட வாழ்வில் கண்ட பத்து வினைகளைத் தாளில் எழுதுவதே நன்று. பின்னர்ப் பெயர் குறிப்பிடாத அத்தாள்களைக் கலந்து, ஒருவர் உரக்கப் படிக்கலாம். இணைத்தலும் மேம்படுத்தலும் அதன்பின் நிகழட்டும். இம்முறையில் மதிப்பிடப்படுவது கருத்தே அன்றிக் குரலின் வலிமை அன்று.

ஏரியும் மடையும்

‘ஏரிப் பாதுகாப்பு’ என்பதைத் தேர்ந்த குழு ஒன்று, பெயரிலிருந்து தொடங்கினால் வினாடி வினாவையோ குப்பை பொறுக்கும் விளையாட்டையோ உருவாக்கி முடித்துவிடும். அதுவே வினையைத் தேடினால், ஏரிப் பாசனத்தின் உயிர்நாடியான ‘திறத்தல்’ அதற்குப் புலப்படும். தென்மாவட்டக் கண்மாய்களில் வயல்களுக்கு நீரைப் பங்கிடும் பணியைச் செய்பவர் நீர்க்கட்டி எனப்படுவார். செய்பவர் நீர்க்கட்டி, கருவி மண்வெட்டி, இடம் கண்மாயின் கீழுள்ள வயல்வெளி, செயல் திறத்தல், காலம் மழை பொய்த்த ஒரு பருவம், செயப்படுபொருள் மடை. ஆறு வினாக்களுக்கும் விடை கிடைத்துவிட்டது.

இனிக் கணினியைத் தொடும் முன் தாளில் ஆடிப் பார்க்கலாம். தாளில் ஒரு கண்மாயும், தலைமடை முதல் கடைமடை வரை நான்கு வயல்களும் வரையப்படுகின்றன. புளியங்கொட்டையே நீர். ஒவ்வொரு வயலுக்கும் 4 கொட்டைகள் தேவை. மொத்தத் தேவை 16. கண்மாயில் இருப்பவையோ 12. இப்பற்றாக்குறையே விளையாட்டைத் தொடங்கி வைக்கிறது. பதினாறும் இருந்திருந்தால் ஆடுபவர் சிந்திக்க எதுவும் இருந்திராது. ஐந்து நிமிடத்தில் ஆடி முடித்து, விதியைத் திருத்தி, மீண்டும் ஆடலாம். நிரலாக்கத்தில் பல நாள்களை விழுங்கும் பிழையைத் தாள் அரைமணி நேரத்தில் காட்டிவிடும்.

விதியும் ஒரு கருத்தே

இவ்விடத்தில் குழு ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். ‘4 கொட்டைகள் பெற்ற வயல் விளையும், குறைந்தால் முழுவதும் கருகும்’ என்பது ஒரு விதி. இதன்படி நீரைச் சமமாகப் பங்கிட்டால் ஒவ்வொரு வயலுக்கும் 3 கிடைத்து நான்கும் கருகும். ஒரு வயலைக் கைவிட்டால்தான் மூன்று பிழைக்கும். ‘ஒவ்வொரு கொட்டைக்கும் கால்பங்கு விளைச்சல் உண்டு’ என்பது மற்றொரு விதி. இதன்படி ஒன்றைக் கைவிட்டாலும் சமமாகப் பங்கிட்டாலும் மொத்த விளைச்சல் மூன்று வயலுக்கு உரியதே. ஆனால், சமமாகப் பங்கிட்டால் எவர் வீட்டு அடுப்பும் அணையாது.

முதல் விதி, கடைமடைக்காரரைக் கைவிடுவதை அறிவுடைமை ஆக்குகிறது. இரண்டாம் விதி, பகிர்ந்துண்பதால் இழப்பு இல்லை என உணர்த்துகிறது. எது உண்மை வயலுக்கு நெருக்கமானது? இதனை அறிய மாணவர் உழவரிடம் சென்று கேட்டாக வேண்டும். பயிரின் வளர்ச்சிப் பருவத்தையும் பாசன வழக்கத்தையும் அறிந்தாக வேண்டும். விளையாட்டின் விதியை எழுதுபவர், உலகம் எவ்வாறு இயங்குகிறது என்பது குறித்துத் தம் கருத்தை எழுதுகிறார். அக்கருத்தை ஆடுபவர் கேட்பதில்லை; வாழ்ந்து பார்க்கிறார்.

அமெரிக்காவின் எலிசபெத் மேகி இவ்வுண்மையை நன்கு அறிந்திருந்தார். நிலம் சிலரிடம் குவிவதால் விளையும் தீங்கை உணர்த்த அவர் வடிவமைத்த ‘நிலக்கிழார் விளையாட்டு’ 1904 இல் காப்புரிமை பெற்றது. அவ்விளையாட்டிலிருந்து கிளைத்த மோனோபோலியைப் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் 1935 இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. பிறரை ஓட்டாண்டியாக்குவதே அதில் வெற்றியாயிற்று. எச்சரிக்கையாகப் பிறந்தது கொண்டாட்டமாக மாறிற்று. வெற்றி எது என்பதை வரையறுக்கும் விதியில் எத்துணைப் பொறுப்பு அடங்கியுள்ளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

படைப்போராய் நிற்போம்

மாணவரின் விளையாட்டுச் செயல்திட்டத்தைப் பொழுதுபோக்கு எனத் தள்ளுவோர், அதில் அடங்கிய உழைப்பைக் காண்பதில்லை. வாழ்வை உற்றுநோக்கி ஒரு வினையைக் கண்டெடுத்தல், தோழரின் கருத்துக்குச் செவிசாய்த்தல், விதியை நேர்மையாக வகுத்தல், தவறெனில் தயங்காது திருத்துதல் ஆகியவை எக்கல்விக்கும் அடிப்படையானவை. இவற்றைக் கற்க, ஆய்வகக் கணினிகள் பழுதுபட்டுள்ள பள்ளியிலும் தடையில்லை. மதிப்பிடும் ஆசிரியரும் முகப்புப் படத்தின் பளபளப்பை நோக்காமல், ‘ஆடுபவர் என்ன செய்கிறார்? அதனால் எதை உணர்கிறார்?’ என்று வினவுவது தகும்.

பிறர் வகுத்த விதிகளின்படி ஆடுவது எளிது. அவ்விதிகளை ஏன் அவ்வாறு வகுத்தனர் எனக் கேட்கத் தொடங்கும் மாணவர், விளையாட்டைக் கடந்தும் அவ்வினாவைக் கேட்பார். அதற்கு முதற்படி, வெற்றுத் தாளின் தலைப்பில் ஒரு வினைச்சொல்லை எழுதுவதே.