புளியமரத்தடியும் களவெட்டியும்

திருகோணமலைக்கு வரும் விருந்தினரைக் கோட்டைக்கு அழைத்துச் செல்வது எங்கள் வீட்டு வழக்கம். சென்ற மாசி மாதத்தில் கொழும்பிலிருந்து வந்திருந்த பேரப்பிள்ளைகளையும் அவ்வாறே பிரெடரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றேன். போர்த்துக்கேயர் 1624-இல் கட்டினார்கள், ஒல்லாந்தர் 1639-இல் பிடித்தார்கள், 1795-இல் ஆங்கிலேயர் கைக்கு வந்தது என்று நான் வரிசையாகச் சொல்லி முடிப்பதற்குள், பேரன்மார் இருவரும் மான்களைப் பார்க்க ஓடிவிட்டனர். பேத்தி மட்டும் நின்று, "அம்மப்பா, இவர்கள் மாறி மாறிச் சண்டை பிடித்தபோது நம்முடைய ஆட்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?" என்று கேட்டாள்.

"நெல் விளைவித்தார்கள்" என்றேன்.

"அதை எங்கே பார்க்கலாம்?"

இந்தக் கேள்விக்கு எந்தக் கோட்டையிலும் விடை கிடையாது.

அமெரிக்காவில் மாசசூசெற்ஸ் மாநிலத்துப் பிளிமத்தில், 1620-இல் குடியேறிய ஆங்கிலேயரின் கிராமத்தை 1627-இல் இருந்தபடியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். அந்த நிறுவனம் 1947-இல் தோன்றியது. அக்காலத்து உடை அணிந்தவர்கள் தோட்டம் கொத்துவார்கள். ஆடு மாடு மேய்ப்பார்கள். கேள்வி கேட்டால் அக்காலத்து மனிதராகவே பதில் சொல்வார்கள். அருகே அந்நாட்டுப் பூர்வகுடிகளான வம்பனோவாக் மக்களின் குடியிருப்பும் அமைக்கப்பட்டது. அங்கே நின்ற பூர்வகுடியினர் வேடம் கட்டி நடிக்கவில்லை. இன்றைய மனிதராக இருந்தே தம் முன்னோரைப் பற்றிப் பேசினார்கள். எனக்குப் பிடித்தது இந்த இரண்டாவது ஏற்பாடுதான். ஏன் என்பது எனக்கே பின்னர்தான் விளங்கிற்று.

நமக்கு அத்தகைய பண்ணை இல்லை. ஆனால் கதை இருக்கிறது, வயலும் இருக்கிறது.

துறைமுகத்துக்குத் தெற்கே விரிந்து கிடக்கிறது கொட்டியாரக்குடா. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்தில் புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், புதிய பாய்மரம் நாட்டுவதற்காக இங்கு வந்து சேர்ந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் அதிகாரி, கப்பல் தலைவரை மூதூரில் ஒரு புளியமரத்தடியில் சிறைப்பிடித்தான் என்பது வழிவழியாக வரும் செய்தி. தலைவரின் மகன் றொபேட் நொக்ஸ் அப்போது பத்தொன்பது வயது இளைஞன். கப்பலை ஆற்றுக்குள் கொண்டுவரச் சொல்லும்படி அவனைக் கப்பலுக்கு அனுப்பினார்கள். அவன் அப்படியே தப்பிப் போயிருக்கலாம். தந்தைக்குக் கொடுத்த வாக்குக்காகத் திரும்பி வந்தான்! தந்தை 1661-இல் சிறையிருப்பிலேயே காய்ச்சலால் மாண்டார். மகன் பத்தொன்பதரை ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, தொப்பி பின்னி விற்று, நெல்லைக் கடன் கொடுத்து, நிலமும் வாங்கி, 1679-இல் அரிப்புக் கோட்டையிலிருந்த ஒல்லாந்தரிடம் போய்ச் சேர்ந்தான். 1681-இல் இலண்டனில் அவன் வெளியிட்ட நூலில் உழவுக்கென்றே தனி இடம் ஒதுக்கியிருக்கிறான். அவன் எழுதியது மலைநாட்டுச் சிங்கள உழவரைப் பற்றி. ஆயினும் அதை வாசிக்கும் கொட்டியாரத்து உழவனுக்கு அயலூர்க் கதையாகத் தோன்றாது.

மூதூருக்கு அப்பால் வயல் செய்யும் பழைய நண்பர் ஒருவரிடம் பிள்ளைகளை அழைத்துச் சென்றேன். வயது எழுபத்தெட்டு. நான் கேட்டுக்கொண்டதற்காக, இயந்திரத்துக்குக் கொடுக்காமல் ஒரு சிறு சூட்டை மிதிப்பதற்கென்று வைத்திருந்தார். முன்பு பெரிய பட்டி வைத்திருந்தவர். 2006-இல் ஊரைவிட்டு ஓடியபோது எருமைகளை அவிழ்த்துவிட்டுப் போனாராம்; திரும்பி வந்தபோது பாதிகூட மிஞ்சவில்லை. இப்போது இருப்பவை மூன்று.

முதலில் ஒரு மரத்தடியில் நாடகம் நடந்தது. மூத்த பேரன் நொக்ஸ். இளையவன் அரச அதிகாரி. மூத்தவன் வரப்பு வழியே 'கப்பலுக்கு' ஓடி, சிறிது நேரம் நின்று யோசித்து, தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரும்பினான். அந்த யோசனையை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. "நான் யார்?" என்று பேத்தி கேட்டாள். உழவர் வீட்டுப் பெண் என்றதும் முகம் வாடிவிட்டது. வெள்ளைக்காரனாகப் போட்டியிருந்தது, உழவனாக ஒருவருக்கும் விருப்பமில்லை. பெரியவர் சிரித்து, "வா மகள், எனக்கு ஆள் வேணும்" என்று அவளைக் களவெட்டிக்கு அழைத்துப் போனார்.

கதிரைப் பரப்பி, மூன்று எருமைகளையும் பிணைத்து, அவர் நடக்கத் தொடங்கியதும் மற்றவர்களும் தம் நாடகத்தை மறந்தனர். களத்தில் நெல்லை நெல் என்று சொல்லக்கூடாது. 'பொலி' என்றே சொல்லவேண்டும். போதும், முடிந்தது என்ற சொற்களும் ஆகா. சிங்கள உழவரிடமும் இவ்வாறே களத்துக்கெனத் தனிப்பேச்சு உண்டு. பேரன் ஒருமுறை "முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டான். பெரியவர் வாய் திறவாமல் அவனைப் பார்த்த பார்வையில் பையன் ஒரு வாரத்துக்கு அந்தச் சொல்லை மறந்திருப்பான்.

இளைப்பாறும் வேளையில் நொக்ஸ் எழுதியதை எடுத்துச் சொன்னேன். உழுத சேற்றை மட்டமாக்க நான்கடிப் பலகையைத் தட்டையாகப் போடாமல் விளிம்பில் நிறுத்தி இழுப்பார்கள் என்கிறான். "வேறெப்படி இழுக்கிறதாம்?" என்றார் பெரியவர். ஒருவர் வயலை எல்லோருமாகச் சேர்ந்து அறுப்பார்கள், வயலுக்குரியவர் சோறு போடுவார் என்கிறான். அதற்கு அவர் தலையை மட்டும் அசைத்தார். மூன்று மாத நெல் முதல் ஏழு மாத நெல் வரை இருந்தது என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஏழு மாத நெல்லைத் தம் தகப்பனார் சொல்லித்தான் கேட்டிருக்கிறாராம்.

ஆறு மாடுகளைக் கொண்டு ஒரு நாளில் நாற்பது ஐம்பது புசல் மிதிக்கலாம் என்பது நொக்ஸின் கணக்கு. இன்றைய நிறுவையில் ஏறத்தாழ ஒரு தொன். எங்கள் மூன்று எருமைகள் அரை நாளில் மிதித்துத் தூற்றியது ஒன்பது புசல். மூத்தவன் விரலை மடக்கிக் கணக்குப் பார்த்து, "பதினொன்று வந்திருக்கவேணும்" என்றான். "எருமைக்கும் வயசு போய்விட்டது மகன்" என்றார் பெரியவர். வயல் முழுவதையும் அறுத்துப் பிரிக்கும் இயந்திரம் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று அவருடைய மகன் சற்று அலுத்துக்கொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கூலிக்கு ஆள் கிடைக்காத காலம்.

ஆனால் வாசகர்களே, வான் சென்டன் என்னும் ஒல்லாந்த அதிகாரி 1786-இல் கொட்டியாரத்தையும் தம்பலகாமத்தையும் சுற்றிப் பார்த்துக் குளங்களையும் வயல்களையும் நாட்குறிப்பில் எழுதினார். நொக்ஸும் எழுதினான். களத்தில் நடந்தவர்கள் எழுதவில்லை. அவர்கள் அறிந்தது காலிலும் கையிலும் இருந்தது. பிளிமத்தில் சம்பளம் கொடுத்துப் பயிற்றுவிப்பதை இந்தப் பெரியவர் வேடமில்லாமலே செய்து காட்டினார். அவருக்குப் பின் அந்தப் பிணையலை நடத்த அவ்வூரில் ஒருவரும் இல்லை என்று அவரே சொன்னார். நம் பள்ளிக்கூடங்கள் கோட்டைக்கு அனுப்பும் பேருந்துகளில் ஒன்றையாவது மாசி மாதத்தில் இந்தப் பக்கம் திருப்பக்கூடாதா? எருமை மூன்றுதான், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புறப்படும்போது பேரன், நொக்ஸ் ஐம்பது வீத வட்டிக்கு நெல் கடன் கொடுத்ததைச் சொன்னான். பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கட ஆட்களிட்ட வெள்ளைக்காரன் வட்டி வாங்கினானோ? அப்ப நானும் வாங்கிறன்" என்று சொல்லி, பேத்தியின் கையில் இரண்டு சுண்டு நெல்லை அளந்து கொடுத்தார். அடுத்த மாசிக்கு மூன்று சுண்டாகத் திருப்பித் தரவேண்டுமாம்.

பிள்ளை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. கொழும்பில் மாடிவீட்டு முகப்பில் பழைய பிளாத்திக்குத் தொட்டியில் சேறு கலக்கி விதைத்திருக்கிறாளாம். சாண் அளவு வளர்ந்துவிட்டது, இது எத்தனை மாத நெல் என்று கேட்டுச் சென்ற வாரம் கடிதம் எழுதியிருந்தாள். பெரியவரிடம் விசாரித்து, மூன்றரை மாதம் என்று பதில் போட்டிருக்கிறேன்.